முட்டி, இடுப்பு மூட்டு மாற்றிய கையோடு வரும் இன்ஃபெக்ஷன்: வார்டில் தினமும் கேட்கும் கேள்விகள்

வேலூரில் எலும்பு மூட்டு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டிரஸ்ஸிங் ரூமில் கட்டுப் பிரிக்கும்போதும், வீட்டுக்குப் போனவர்கள் போனில் கூப்பிடும்போதும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். குடியாத்தத்திலிருந்து பேசுபவரும் ஆற்காட்டிலிருந்து பேசுபவரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையில் கேட்பார்கள். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் எங்கள் டாக்டர்களிடம் கேட்டுக் கற்றதும், வார்டில் பார்த்ததும்.

மூட்டு மாற்றியவர்களில் உள்ளே இன்ஃபெக்ஷன் வருவது நூற்றுக்கு ஒருவர், இரண்டு பேருக்குத்தான். அதனால் படித்துவிட்டுப் பயந்துகொண்டு உட்கார வேண்டாம். ஆனால் அந்த ஒருவர் எத்தனையாவது நாள் வந்து சேர்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் 2-ஆம், 4-ஆம் பதில்களை மட்டும் படித்துவிட்டுப் போனை எடுங்கள்.

1. ஆபரேஷன் ஆகி இருபது நாள் ஆச்சு சிஸ்டர், முட்டி இன்னும் சுடுது. இன்ஃபெக்ஷனா?

பெரும்பாலும் இல்லை. எலும்பைச் சீவி, சதையை விலக்கி, உள்ளே பெரிய வேலை நடந்திருக்கிறது. அந்தச் சூடு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட இருக்கும். சாயங்காலம் வீக்கம் கூடும், காலையில் வடியும். தொடையிலும் கெண்டைக்காலிலும் ரத்தக்கட்டு ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறிக்கொண்டே கீழே இறங்கும். இதெல்லாம் ஆறும்போது வருவதுதான்.

போக்கைக் கவனியுங்கள். போன வாரத்தைவிட இந்த வாரம் வலி குறைந்திருந்தால் சரி. குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று ஏறினால், தையல் ஓரத்துச் சிவப்பு பரவிக்கொண்டே போனால், நேற்று மடங்கிய முட்டி இன்று மடங்க முடியாமல் இறுகினால், உடனே கூப்பிடுங்கள். கெண்டைக்கால் மட்டும் கல் மாதிரி இறுகி, அழுத்தினால் வலித்தால் அது ரத்தம் உறைந்த அடையாளமாக இருக்கலாம். அதற்கும் அன்றைக்கே வர வேண்டும். மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. கட்டுல ஈரம் தெரியுது. தண்ணி மாதிரிதான் வருது, சீழ் இல்ல. பரவால்லயா?

முதல் இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தம் கலந்த நீர் வரும். அது நாளுக்கு நாள் குறைந்து நின்றுவிட வேண்டும். ஐந்து முதல் ஏழு நாளைத் தாண்டியும் கசிந்தாலோ, காய்ந்த புண் மறுபடி ஈரமானாலோ, ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். சீழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீர் வெளியே வர வழி இருந்தால், கிருமி உள்ளே போகவும் அதே வழிதான்.

வார்டில் கட்டின் மேல் ஈரம் தெரிந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதி வைப்பேன். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஈரம் கோட்டுக்குள்ளேயே நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்று கண்ணுக்கே தெரியும். வீட்டிலும் இதைச் செய்யலாம். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது வியர்வையிலும் கட்டு நனையும். வியர்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து பிளாஸ்திரியை உரிக்கும். கசிவு நடுவில், தையல் கோட்டின் மேலேயே ஊறும். எது என்று புரியாவிட்டால் கசிவு என்றே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கட்டை நீங்களே தினமும் பிரித்துப் பார்க்காதீர்கள். பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் கையிலிருக்கும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு.

3. சுரமே இல்லயே, அப்புறம் எப்படி இன்ஃபெக்ஷன்னு சொல்றீங்க?

சுரம் இல்லாமலும் வரும். அப்படித்தான் நிறையப் பேருக்கு வருகிறது. வயதானவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் உடம்பு சுரமாகக் காட்டாது. வலி மாத்திரையிலேயே சுரத்தை இறக்கும் மருந்தும் இருக்கிறது. அது வேறு மறைத்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, ஆபரேஷன் ஆன முதல் இரண்டு மூன்று நாளில் லேசான சுரம் வருவது சகஜம். அதை மட்டும் வைத்து யாரும் இன்ஃபெக்ஷன் என்று சொல்ல மாட்டார்கள். குளிர் நடுக்கத்தோடு சுரம், கூடவே மயக்கம், உளறல், சிறுநீர் குறைவது என்று வந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அப்போது பஸ்ஸுக்கு நிற்காதீர்கள், பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போங்கள். கணியம்பாடிப் பக்கம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லையென்றால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது. ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அங்கிருந்தே தகவல் சொல்லிக்கொள்ளலாம்.

4. மெடிக்கல்ல கேட்டு அஞ்சு நாள் மாத்திரை போட்டா போதாதா? சும்மா எதுக்கு வேலூர் வரைக்கும் அலையணும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பதினாலாவது நாள் கட்டில் ஈரம். மகன் மெடிக்கல்லில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஈரம் நின்றது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரை தீர்ந்து பத்து நாளில் மறுபடி ஈரம். இந்த முறை பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி, வேறு மாத்திரை. எங்களிடம் வந்தபோது ஐம்பத்திரண்டாவது நாள். அந்த அம்மா துணிப்பையிலிருந்து ஏழு காலி அட்டைகளை எடுத்து என் மேஜை மேல் வரிசையாக வைத்தார். மூன்று வகை ஆன்டிபயாட்டிக். அத்தனையும் சாப்பிட்டிருக்கிறார். முட்டியிலிருந்து எடுத்த நீரில் செல்கள் கூட்டமாக இருந்தன, ஆனால் கல்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், எந்தக் கிருமியும் வளரவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்து என்று எப்படி முடிவெடுப்பது?

மாத்திரை கிருமியின் தலையில் ஒரு தட்டு தட்டும், வேரை எடுக்காது. அறிகுறி அடங்கும், பரிசோதனையில் கிருமி சிக்காது, நாள் ஓடிவிடும். மூன்றும் சேர்ந்தால், மறுபடி திறந்து உள்ளே கழுவியே சரிசெய்திருக்கக்கூடிய முட்டியில் வைத்த மூட்டையே கழற்ற வேண்டியதாகிவிடுகிறது. அதனால் மூட்டு நீர் எடுத்து அனுப்பும் முன் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். 3-ஆம் பதிலில் சொன்ன மாதிரி உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விதிவிலக்கு. ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்களா? திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

5. மேல தோல்ல மட்டும் புண்ணா, உள்ள மூட்டுலயா? அத எப்படிக் கண்டுபிடிக்கறாங்க?

வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. தையல் நூல் ஒன்று வெளியே தள்ளிச் சின்னக் கொப்புளம் வருவதும் உண்டு. அடியில் மூட்டு முழுக்கச் சீழோடு மேலே அதே சின்னக் கொப்புளம் மட்டும் தெரிவதும் உண்டு. அதனால்தான் புண்ணின் மேல் பஞ்சை ஒற்றி எடுத்து அனுப்பும் பரிசோதனையை எங்கள் டாக்டர்கள் நம்புவதில்லை. அதில் தோலில் குடியிருக்கும் கிருமிதான் வளரும்.

முதலில் ரத்தத்தில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். பார்ப்பார்கள். உடம்பில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண்கள் இவை. ஆபரேஷன் ஆனாலே சி.ஆர்.பி. ஏறும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் நூறைக்கூடத் தாண்டும், பிறகு இறங்கி, சில வாரங்களில் பழைய நிலைக்கு வரும். இறங்கிக்கொண்டிருந்தது மறுபடி ஏறினால் அதுதான் சந்தேகம். ஈ.எஸ்.ஆர். இறங்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் ஆரம்ப வாரங்களில் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு விஷயம் முக்கியம்: சில லேப்களில் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள், சில லேப்களில் டெசிலிட்டருக்கு. ஒன்றில் 12 என்றால் மற்றதில் 1.2. முதல் வாரம் ஒரு லேப், அடுத்த வாரம் வேறு லேப் என்று பார்த்துவிட்டு "பன்னிரண்டு இருந்தது ஒன்றுக்கு வந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இறங்கவே இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவையும் படியுங்கள், முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

முடிவு சொல்வது மூட்டிலிருந்து எடுக்கும் நீர்தான். ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்களில், அந்த நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 10,000-க்கு மேல் வெள்ளை அணுக்கள் இருந்து, அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நியூட்ரோஃபில் வகையாகவும் இருந்தால் இன்ஃபெக்ஷன் என்றே எடுத்துக்கொள்வார்கள். கூடவே கல்சர். சில கிருமிகள் மெதுவாக வளரும் என்பதால் லேபில் பதினாலு நாள் வரைக்கும் வைத்திருப்பார்கள்.

6. முட்டியில ஊசி குத்தி நீர் எடுக்கறதாலயே கிருமி உள்ள போயிடாதா?

தியேட்டரிலோ, சுத்தமான ரூமிலோ, தோலை மருந்தால் துடைத்து, ஸ்டெரைல் கையுறை போட்டுத்தான் எடுப்பார்கள். அந்த அபாயம் மிகச் சின்னது. எடுக்காமல் விட்டால் வரும் அபாயம் பெரிது.

7. உடம்பு இரும்ப ஏத்துக்கலன்னு ஊர்ல சொல்றாங்களே?

ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு, கிருமி வேறு. உள்ளே வைப்பது பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் அல்லது டைட்டானியம் கலந்த உலோகமும், நடுவில் பாலிஎத்திலின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கும். அந்த உலோகத்தால் அலர்ஜி என்பது அபூர்வம். புண் ஆறாமல் நீர் கசிந்தால் முதலில் கிருமியைத்தான் தேட வேண்டும். "உடம்புக்கு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. அந்தப் பேச்சில் இரண்டு மூன்று வாரம் போய்விடும்.

8. மருந்து இருக்கும்போது எதுக்கு மறுபடியும் வெட்டிக் கழுவணும்?

மழைக்காலத்தில் கிணற்றுப் படியில் பாசி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாலும் போகாது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். கிருமிகளும் உலோகத்தின் மேல் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. உலோகத்துக்கு ரத்த ஓட்டம் இல்லை. ரத்தத்தில் வரும் மருந்து சுற்றியுள்ள சதைக்குப் போகும், அந்தப் படலத்துக்குள் சரியாகப் போகாது. போனாலும் உள்ளே தூங்குகிற மாதிரி இருக்கும் கிருமியை அது கொல்வது கஷ்டம். இதே கிருமி தொடையில் கட்டியாக வந்திருந்தால் சின்னதாகக் கீறி விட்டு மாத்திரை கொடுத்தே ஆற்றிவிடலாம்.

அதனால் பழைய தையல் வழியாகவே திறந்து, கெட்டுப்போன சதையையும் மூட்டின் உட்புற ஜவ்வையும் வெட்டி எடுத்து, ஐந்தாறு இடத்திலிருந்து சதைத் துணுக்குகளைத் தனித்தனி டப்பாவில் கல்சருக்கு அனுப்பி, உலோகத்தைத் தேய்த்து, லிட்டர் லிட்டராகச் சலைன் விட்டுக் கழுவுவார்கள். நடுவில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவார்கள். அதற்கு அடியிலும் கிருமி ஒளிந்திருக்கும், அதை எடுத்தால்தான் பின்பக்கம் வரை கை எட்டும். எலும்போடு ஒட்டியிருக்கும் உலோகப் பகுதி அப்படியே இருக்கும். கழுவி, மருந்து கொடுத்து, வைத்த மூட்டைக் காப்பாற்றுவதுதான் இதன் நோக்கம்.

9. எத்தன நாளுக்குள்ள வந்தா காப்பாத்தலாம்?

ஆபரேஷன் ஆகி ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள், அல்லது அறிகுறி தொடங்கி மூன்று வாரத்துக்குள் என்பது பல டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு. சிலர் ஆபரேஷனிலிருந்து மூன்று மாதம் வரைக்கும் ஆரம்ப இன்ஃபெக்ஷன் என்றே கணக்கெடுப்பார்கள். அதற்குள் படலம் இறுகியிருக்காது என்பதுதான் காரணம். "மூணு வாரம் இருக்குல்ல, அடுத்த அமாவாசை கழிச்சு வரோம்" என்று இதைப் படித்துவிட்டு யாரும் சொல்லக்கூடாது. அந்தக் கணக்கு வெளி எல்லை. உள்ளே ஒவ்வொரு நாளும் கெட்டிப்படுகிறது.

நாள் மட்டும் போதாது. உலோகம் எலும்பில் அசையாமல் நிற்க வேண்டும், தோலில் மூட்டு வரைக்கும் ஓட்டை விழுந்திருக்கக்கூடாது, வளர்ந்த கிருமிக்கு வேலை செய்யும் மருந்து இருக்க வேண்டும், மேலே மூடத் தோலும் சதையும் நன்றாக இருக்க வேண்டும்.

10. கழுவினா நிச்சயம் சரியாயிடுமா? இல்ல வச்சதக் கழட்டிடுவாங்களா?

நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. சரியான நேரத்தில் கழுவியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூட்டு தப்பிக்கிறது. தாமதமாக வந்தவர்களுக்கும், மருந்துக்கு அடங்காத கிருமி வளர்ந்தவர்களுக்கும் அந்த வாய்ப்பு குறையும்.

அடங்காவிட்டால் முழுவதும் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒரே ஆபரேஷனில் எடுத்துப் புதிது வைப்பது ஒரு முறை. இரண்டு கட்டமாகச் செய்வது இன்னொரு முறை: கழற்றிவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட் கட்டியை அந்த இடத்தில் வைத்து, பல வாரம் மருந்து கொடுத்து, அடங்கியது என்று தெரிந்த பிறகு புது மூட்டு. அந்த இடைக்காலம் வீட்டில் எல்லோரையும் வாட்டி எடுத்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஈரம் தெரிந்ததும் கூப்பிடுங்கள் என்று கத்துகிறேன்.

11. எவ்ளோ நாள் மருந்து? ஊசியா, மாத்திரையா?

முதலில் நரம்பு வழியாக. கல்சர் ரிப்போர்ட் வந்ததும் அந்தக் கிருமிக்கேற்ற மருந்துக்கு மாற்றுவார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி வகைதான் அதிகம் வரும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டால் அதை மெதுவாக, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இறக்க வேண்டும். வேகமாகப் போனால் முகம், கழுத்து சிவந்து அரிக்கும். சலைன் பாட்டிலின் வேகத்தை அட்டெண்டரே கூட்டி வைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பிறகு மாத்திரை. ஆறு வாரமும் ஊசியேதான் என்ற நிலை இப்போது மாறிவருகிறது. பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலும்பு, மூட்டு இன்ஃபெக்ஷன் நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளிவந்த ஓவிவா ஆய்வில், சரியாகத் தேர்ந்தெடுத்த மாத்திரை ஊசிக்குச் சளைக்கவில்லை. மொத்த நாளைக் குறைப்பதில்தான் ஆபத்து. பிரான்சில் நடந்து 2021-இல் வெளிவந்த டாட்டிப்போ ஆய்வில், செயற்கை மூட்டு இன்ஃபெக்ஷனுக்கு ஆறு வாரம் மருந்து எடுத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய் அடங்கவில்லை. பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். அதனால் மூன்று மாதம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முட்டிக்கு ஆறு மாதம் கொடுக்கும் டாக்டர்களும் உண்டு.

12. இது டி.பி. மாத்திரயாச்சே! எங்கம்மாவுக்கு டி.பி.யா? ஒண்ணுக்கு வேற செவப்பா போவுது!

டி.பி. இல்லை. ரிஃபாம்பிசின் டி.பி.க்கும் கொடுக்கும் மருந்துதான், ஆனால் உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் படலத்துக்குள் போய் வேலை செய்யும் மருந்துகளில் இது முக்கியமானது. சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சுச் சிவப்பாக வரும். பயப்பட வேண்டாம். வெள்ளை உள்பாவாடையில் கறை படியும் என்று முன்னாடியே சொல்லிவிடுவேன், இல்லையென்றால் ரத்தம் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் வரும்.

மூன்று விஷயம் கவனம். இதைத் தனியாகச் சாப்பிடவே கூடாது. துணை மருந்து தீர்ந்துவிட்டது என்று இதை மட்டும் போட்டால் சில நாளிலேயே கிருமி பழகிக்கொள்ளும். அடுத்து, சில சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை ஆகியவற்றின் வேகத்தை இது குறைத்துவிடும், அதனால் வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் ஈரலைப் பார்க்க வேண்டும். துணை மருந்து லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை என்றால் பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், உடம்பில் சேராது. அந்த வகை மருந்தில் குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாண் வலித்தாலும் சொல்லுங்கள்.

13. சக்கரை இருக்கறதாலதான் வந்துச்சா?

சர்க்கரை அதிகமாக இருந்தால் வாய்ப்பு கூடும். கூடவே ரத்தசோகை, உடல் பருமன், புகை, புகையிலை. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் புகைப்பதும் சகஜம், புகையால் தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து புண் ஆறத் தாமதமாகும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஏழரை, எட்டுக்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் முதல் ஆபரேஷனையே தள்ளிப் போடுவார்கள். இன்ஃபெக்ஷன் வந்த பிறகு சர்க்கரை தானாகவே ஏறும், 12-இல் சொன்ன மருந்தாலும் ஏறும். அதனால் பழைய அளவிலேயே மாத்திரை போதும் என்று இருக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவர் சர்க்கரை பார்த்தால் அந்த எண்ணை நோட்டில் எழுதி வாங்கி வையுங்கள்.

14. கத்திரிக்கா, கருவாடு, முட்ட சாப்ட்டா சீழ் வெக்கும்னு மாமியார் சொல்றாங்க. இன்னாதான் குடுக்கறது?

சீழ் வைப்பது கிருமி. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவருக்குக் கத்திரிக்காய் சாப்பிட்டால் அரிப்பு வரும் என்றால் அவர் மட்டும் தவிர்க்கலாம்.

பத்தியம் என்று ரசமும் பிரட்டும் மட்டும் கொடுத்து, ஆபரேஷன் ஆனவரை நாலு வாரத்தில் ஒட்டி உலர வைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. புண் ஆற புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, சைவமென்றால் பருப்பு, கொள்ளு, சுண்டல், தயிர், வேர்க்கடலை. கிட்னிக் கோளாறு இருப்பவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

15. மஞ்சளும் வேப்பிலையும் அரச்சுப் போடலாமா? புத்தூர் எண்ணெ போட்டு நீவலாமா?

வேண்டாம். நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போகும் பழக்கம் தலைமுறையாக இருப்பது தெரியும். ஆனால் உள்ளே உலோகம் வைத்த, தோல் ஆறாத மூட்டு வேறு விஷயம். அரைத்த விழுது சுத்தமானது இல்லை, ஈரத்தைத் தேக்கும், சிவப்பை மறைக்கும். நீவினால் உள்ளே தேங்கிய நீர் தையலைப் பிளந்துகொண்டு வரும். தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, டாக்டர் சரி என்ற பிறகு தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

16. வூட்ல கைக்கொழந்த இருக்கு. ஒட்டிக்குமா?

சேர்ந்து உட்கார்வதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒட்டாது. பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம். புண்ணையும் கசிவையும் மட்டும் தொடாமல், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். நனைந்த பஞ்சைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

17. கழுவின காலோட நடக்கலாமா?

பெரும்பாலோரை அடுத்த நாளோ, அதற்கடுத்த நாளோ வாக்கரோடு நிற்க வைப்பார்கள். உலோகம் எலும்பில் உறுதியாக இருப்பதால் பாரம் தாங்கும். தோல் மெல்லியதாக இருந்தால் மட்டும் முட்டியை மடக்குவதைச் சில நாள் தள்ளிப் போடச் சொல்வார்கள்.

18. இது யார் தப்பு? தியேட்டர் சரியில்லயா?

கோபம் புரிகிறது. ஆனால் ஒருவருக்கு வந்ததை வைத்துக் கிருமி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம். நம் தோலிலும் மூக்கிலும் வாழும் கிருமியே உள்ளே போய்விடுவதுண்டு. முழுக்கத் துடைத்தெறிய எந்த நாட்டிலும் முடியவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தோலைக் கீறும் முன் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களா, எந்தக் கிருமி வளர்ந்தது, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, கல்சர் ரிப்போர்ட், உள்ளே வைத்த மூட்டின் ஸ்டிக்கர் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த ஸ்டிக்கர் இருந்தால்தான் சரியான அளவு பிளாஸ்டிக் தட்டை வரவழைக்க முடியும்.

முதலில் வேறு ஊரில் செய்துகொண்டவர்களும் முடிந்தவரை செய்த டாக்டரிடமே முதலில் பேசுங்கள். கோபித்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறுவதில் போகும் நாளும் 9-இல் சொன்ன கணக்கில்தான் சேரும்.

19. இதுக்குக் காப்பீட்டு அட்ட செல்லுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கழுவும் ஆபரேஷன் எந்தப் பிரிவில் வரும், அனுமதி எத்தனை நாளில் வரும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே நீர் எடுக்கும் பரிசோதனையை முடித்துவிடச் சொல்லலாம்.

20. கல்சர்ல ஒண்ணும் வளரல, ஆனா கழுவணும்ங்கறாங்க. நம்பறதா?

நம்பலாம். 4-ஆம் பதிலில் வரும் அம்மாவுக்கு நடந்தது இதுதான். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் வளராது, மெதுவாக வளரும் கிருமியென்றால் நாள் பிடிக்கும். நீரில் செல் எண்ணிக்கை, சி.ஆர்.பி., புண்ணின் நிலை என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அவசரம் இல்லாவிட்டால் மருந்தைச் சில நாள் நிறுத்தி மறுபடி நீர் எடுப்பதும் உண்டு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது.

21. ரெண்டு மாசத்துல சி.ஆர்.பி. நார்மலாயிடுச்சு. மாத்திரய நிறுத்திடலாமா?

கூடாது. நார்மல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். கிருமி தீர்ந்ததா என்று அந்த எண் சொல்லாது. 11-இல் சொன்ன ஆறு வாரம், பன்னிரண்டு வாரக் கணக்கை மறுபடி பாருங்கள். மருந்து முடிந்த பிறகும் கொஞ்ச நாள் ரத்தம் பார்ப்பார்கள். திரும்ப வருவதானால் மருந்தை நிறுத்திய முதல் மாதங்களில்தான் அதிகம் வரும்.

22. பல்லு ஒண்ணு ஆடுது. புடுங்கலாமா? கால்ல ஆணி வேற இருக்கு.

அவசரமில்லாத பல் வேலையை ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தால் தள்ளவே கூடாது, உடனே பார்க்க வேண்டும். வாயிலோ காலிலோ சிறுநீர்ப் பாதையிலோ இருக்கும் கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போய் உட்காரும், வருடங்கள் கழித்தும் போகும். பல் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்பது இல்லை. மூட்டு மாற்றியிருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். கால் ஆணியை வீட்டில் பிளேடால் சீவ வேண்டாம்.

23. எங்கப்பாவுக்கு 81 வயசு, இதயமும் வீக்கு. இன்னொரு மயக்க மருந்து தாங்குமா? கழுவாம மாத்திரையிலயே ஓட்ட முடியாதா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கழுவும் ஆபரேஷன் சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரம், முதுகில் ஊசி போட்டே செய்யலாம். மாதக்கணக்கில் சீழ் உள்ளே இருந்து உடம்பை அரிப்பதைவிட, இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பார்த்துத் தயார் செய்து ஒரு முறை கழுவுவது பல பெரியவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும். எண்பது தாண்டியவர்கள் கழுவி, நடந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷனே முடியாது என்ற நிலையில், கிருமியை ஒழிக்காமல் அடக்கி வைக்க மட்டும் வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் உண்டு. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் அதையும் சரியாகக் கொடுக்க முடியும், அதனால் அப்போதும் மூட்டு நீர் எடுத்தே ஆக வேண்டும். அப்பா என்ன விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள், பிள்ளைகள் மட்டும் வராந்தாவில் நின்று முடிவெடுக்காதீர்கள். மாத்திரைதான் என்று முடிவானால், இடையிடையே ஈரலுக்கும் கிட்னிக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பார்த்து வாங்குங்கள்.